அக்கா பாத்தாச்சு

அக்காவுக்குக் கோபம் மூக்கின் மேல் என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள். சொல்லட்டும். கோபப்படாமல் செய்யக்கூடிய வேலையா அது? எவனோ ஒருவன் உட்கார்ந்து, மெனக்கெட்டு, முகம் தெரியாத ஒருவரை ஏமாற்றுவதற்கென்றே ஓர் அட்டையை அச்சடிக்கிறான். இன்னொருவன் அதைப் பளபளப்பான உறையில் போட்டு எடுத்துவந்து நீட்டுகிறான். நீட்டும்போது சிரிக்கவும் செய்கிறான். அந்தச் சிரிப்பைத்தான் அக்காவால் தாங்கிக்கொள்ள முடியாது.

கடை அவளுடைய தம்பியுடையது. பெரிய வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில், செல்போன் பழுது பார்க்கிற கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் இருந்தது. விற்பது விளையாட்டு அட்டைகள். ரம்மி ஆடுகிற சீட்டு இல்லை. பறக்கிற மீனும் நெருப்புக் கக்கும் ஆமையுமாகப் படம் போட்ட, சேர்த்து வைத்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்கிற அட்டைகள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் தொப்பை விழுந்த ஆபீசர்கள் வரை வருவார்கள். ஓர் அட்டைக்காகச் சண்டை போட்டுப் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்ட மாமன் மச்சானை அக்கா தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதிலும் வெளிநாட்டு மொழியில் அச்சான அட்டை என்றால் தனி மவுசு. படம் அதே படம்தான், எழுத்து மட்டும்தான் வேறு. அந்த எழுத்தைப் படிக்க இங்கே ஒருவருக்கும் தெரியாது. போலி அடிக்கிறவனுக்கு அதுதான் கைமுதல்.

கடை மூலையில், தூணுக்குப் பின்னால் அக்காவின் மேசை. ஒரு வளைகழுத்து விளக்கு, ஒரு லென்ஸ், சின்னத் தராசு, ஒரு தாள் நீல ஸ்டிக்கர். அட்டையைப் பார்த்து, நல்லது என்று தெரிந்தால் புது உறையில் போட்டு, உறையின் வாயை ஸ்டிக்கரால் ஒட்டி, அதன் பிறகே கையெழுத்துப் போடுவாள். கடைசி எழுத்தின் வாலை இழுத்து விடுவாள். அது ஸ்டிக்கரைத் தாண்டி உறையின் மேல் போய் நிற்கும். அந்த ஸ்டிக்கரை ஒருமுறை பிரித்தால் நார் நாராகக் கிழிந்துவிடும், திரும்ப ஒட்ட முடியாது. அதற்குப் பிறகு தம்பி வாடிக்கையாளரிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்வான்: "அக்கா பாத்தாச்சு." பேரமும் சந்தேகமும் அந்த இடத்தில் முடிந்துவிடும். ஊரில் வேறு கடைகள் இருந்தும் கூட்டம் இங்கே வந்ததற்கு அந்த இரண்டு வார்த்தைதான் காரணம்.

வாடிக்கையாளர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. கோபம் வந்த நாட்களில் கண்ணாடியை விட்டுவிட்டுப் பூதம் என்று மட்டும் சொல்வார்கள். அவள் காதில் விழுந்திருக்கிறது. பூதம் என்றால் போலி அடிக்கிறவன் பயப்படுவான் அல்லவா, பயப்படட்டும் என்று விட்டுவிட்டாள்.

இந்த மேசைக்கு வருவதற்கு முன்னால் அவள் மருந்து லேபிள் அச்சடிக்கும் ஆலையில், தரம் பார்க்கிற பிரிவில் இருந்தாள். எந்தெந்த நாட்டுக்கோ போகிற லேபிள்கள், என்னென்னவோ மொழிகள். ஒரு வரிகூட அவளுக்குப் படிக்க வராது. படிக்க வராததுதான் நல்லதாய்ப் போயிற்று. படிக்கத் தெரிந்தவர்கள் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள், எழுத்தைப் பார்க்க மாட்டார்கள். அவளுக்கு எழுத்து என்பது முகம். ஒரு முகத்தில் மச்சம் இடம் மாறினால் தெரியாதா? அப்படித் தெரியும்.

தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அம்மா வேலைக்குப் போய்விடுவாள். அவன் சாப்பிட்டது, விழுந்தது, பொய் சொன்னது எல்லாம் அக்காவிடம். அவன் கடை போட்ட புதிதில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த முதல் பார்சலில் பாதி போலியாக இருந்தது. அட்டைகளைப் பையோடு அவள் வீட்டுக்குத் தூக்கி வந்து, சோபாவில் சாய்ந்து அழுதான். அவள் ஆலையிலிருந்து கொண்டுவந்த லென்ஸை எடுத்து, இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தாள். அடுத்த மாதம் ஆலை வேலையை விட்டாள். வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக், தலையைச் சொறிந்துகொண்டு, "அந்த வேலைல பென்ஷன் உண்டு, இதுல டென்ஷன் தான் உண்டு" என்றார். அவர் சொன்ன ஜோக்குகளில் பின்னால் பலித்தது அது ஒன்றுதான்.

பார்க்கிற வித்தையை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. நல்ல அட்டைக்கு நடுவில் ஒரு கறுப்பு அடுக்கு உண்டு, விளக்கின் முன் பிடித்தால் வெளிச்சம் லேசில் தாண்டாது. ஆனால் அதை மட்டும் நம்பினால் மோசம் போக வேண்டியதுதான். ஜப்பானிய அட்டை கொஞ்சம் மெலிசு, மினுமினுப்பும் வேறு தினுசு. ஆங்கில அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நல்ல ஜப்பானிய அட்டையைப் போலி என்று குப்பையில் போட்ட புத்திசாலிகள் இருக்கிறார்கள். எந்த மொழியோ அந்த மொழி அட்டையோடுதான் ஒப்பிட வேண்டும். பிறகு லென்ஸ். நல்ல அட்டையில் படம்தான் வண்ணப் புள்ளியாகத் தெரியும். எழுத்து தனிக் கறுப்பு மையில் கெட்டியாக நிற்கும். போலி அடிக்கிறவன் மொத்தத்தையும் போட்டோ எடுத்து அடிப்பதால் எழுத்தும் புள்ளி புள்ளியாக உதிரும். கடைசியாக அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. ஜப்பானிய எழுத்து சிலவற்றின் தோளில் ஒரு பொடி வட்டம் இருக்கும். கடுகில் பாதி. நல்ல அட்டையில் அந்த வட்டத்துக்குள் வெள்ளை தெரியும். போலியில் மை அடைத்துக்கொண்டு வட்டம் வெறும் புள்ளியாகிவிடும்.

இதைத் தம்பிக்கும் சொல்லிக் கொடுத்தாள். பலமுறை கொடுத்தாள். அவன் ஒரு நிமிடம் லென்ஸில் கண்ணை வைப்பான், பிறகு சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவான். "எனக்கு அந்தப் பொறுமையும் இல்லக்கா, அந்தக் கண்ணும் இல்ல. நீ இருக்கும்போது எனக்கு எதுக்கு?" அவளுக்கு அதைக் கேட்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

போன மழைக்காலத்தில் அவளுடைய இடது கண்ணில் புரை வந்தது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், அப்புறம் சில வாரம் லென்ஸைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் வரை அவள் அட்டை பார்த்தாள். பார்த்து முடித்த நல்ல அட்டைகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. உறை போட்டு ஒட்டத்தான் நேரமில்லை. தம்பி ஸ்டிக்கர் தாளை நீட்டினான்.

"கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுக்கா. நான் ஒட்டிக்கிறேன். ஏற்கெனவே நீ பாத்தது தானே?"

அவள் போட்டாள். ஒரு தாள் முழுவதும் போட்டாள். "இந்த டப்பால இருக்கிறதுக்கு மட்டும்" என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னாள். மிச்சத்தைக் கிழித்துப் போடவும் சொன்னாள். ஆலையில் இப்படி வெற்று லேபிளில் முத்திரை குத்திய ஒருவனை அவளே புகார் எழுதிக் கொடுத்து வேலையை விட்டு அனுப்பியிருக்கிறாள். தம்பி என்றதும் அந்தக் கறார் எங்கே போனதோ.

ஆபரேஷன் முடிந்து அவள் திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை. கடையில் நிற்க இடமில்லை. மேசையில் தூசி தட்டி, விளக்கைப் போட்டு, உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஓர் ஆள் வந்து தூணுக்கருகில் நின்றார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காக்கிச் சட்டை, பையில் சீப்பு. வாராவாரம் வருவார், வாங்க மாட்டார், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போவார். அக்காவுக்கு அவர்மேல் ஒரு மரியாதை உண்டு, ஏனென்றால் அவர் ஒருநாளும் கண்ணாடியில் விரல் வைத்ததில்லை.

"மேடம், இத ஒரு தடவ பாக்கணும்" என்று ஓர் உறையை வைத்தார். ஜப்பானிய அட்டை. சிறகு மீன். நீல ஸ்டிக்கர், அவளுடைய கையெழுத்து.

"நான் பாத்தது தானே இது?"

"அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. நான் பிரிக்கல, ஒட்டினது ஒட்டினபடியே இருக்கு. என் சிநேகிதன்கிட்ட இதே மீன், இதே மொழில இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சோம். செதில் மின்னுறது வேற மாதிரி இருக்கு. நான் உங்கள சந்தேகப்படல. நீங்களே பாத்துச் சொல்லிட்டா நிம்மதியா போயிடுவேன்."

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவர் ஆசைப்பட்ட அட்டை அது. அதற்காக, அப்போதிலிருந்து சேர்த்து வைத்திருந்த ஒரு தகர டப்பா அட்டைகளை முழுசாகத் தம்பியிடம் கொடுத்து மாற்றிக்கொண்டாராம். அவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் தம்பி கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டான்.

"கடைய விட்டு வெளிய போன அட்டைக்கு நாங்க பொறுப்பில்ல சார். எழுதியே வெச்சிருக்கோம் பாருங்க. வெளிய எங்க மாத்தினீங்களோ, யாருக்குத் தெரியும்?"

இந்தத் தொழிலில் இதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது. நல்ல அட்டையை எடுத்துக்கொண்டு போலியைத் திருப்பிக் கொடுக்கிறவன் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் எந்தக் கடையிலும் அவனை உட்கார வைக்க மாட்டார்கள்.

"நான் திருடன்னு சொல்றீங்களா?" என்றார் டிரைவர். குரல் உயரவில்லை. காது மட்டும் சிவந்துவிட்டது.

"நான் ஒண்ணும் சொல்லல. அக்கா சொல்லட்டும்."

எல்லோரும் தூணுக்குப் பின்னால் பார்த்தார்கள். அக்கா அட்டையைத் தொடவில்லை. முதலில் ஸ்டிக்கரை லென்ஸின் கீழே கொண்டுவந்தாள். தன்னுடைய கையெழுத்தையே போலியா என்று பார்க்க வேண்டிய நாள் வரும் என்று அவள் நினைத்ததில்லை. கையெழுத்து அவளுடையதுதான், எழுத்துக்கு எழுத்து. ஓரம் கிழியவில்லை, ஒட்டியபடி இருக்கிறது. ஆனால் கடைசி எழுத்தின் வால் ஸ்டிக்கரின் விளிம்போடு நின்றுவிட்டது. உறையின் மேல் மை இல்லை. ஒட்டிய பிறகு போட்ட கையெழுத்து இல்லை இது. தாளில் போட்டது.

அவள் பார்த்து வைத்த டப்பாவில் ஜப்பானிய அட்டை நிறைய இருந்தது. சிறகு மீன் ஒன்றுகூட இல்லை.

"சீல் பிரியல. இவர் எதையும் மாத்தல" என்றாள்.

தம்பி அவள் கையைப் பிடித்துத் தூணுக்கு அந்தப் பக்கம், அட்டைப்பெட்டிகள் அடுக்கிய இடத்துக்கு இழுத்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, இப்ப மானத்தக் காப்பாத்து. கண்ணு சரியில்லாத நேரத்துல தப்பா பாத்துட்டேன்னு சொல்லிடு. ஆபரேஷன் ஆனது எல்லாருக்கும் தெரியும். யாரும் உன்ன ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க. பாவம்னு தான் நினைப்பாங்க."

பாவம். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. ஆயுள் முழுக்க அவள் சேர்த்து வைத்தது ஒன்றே ஒன்று: அவள் பார்த்தால் பார்த்ததுதான். நகையில்லை, சொந்த வீடில்லை, பிள்ளைகூட இல்லை. அந்தக் கண்ணை எடுத்து அவர்கள் காலடியில் போடச் சொல்கிறான். யார் சொல்கிறான்? இடுப்பில் வைத்து நிலா காட்டி அவள் ஊட்டி வளர்த்த தம்பி சொல்கிறான். ஓங்கி ஓர் அறை விட்டிருப்பாள். வெளியே டிரைவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார், அவர் முகத்துக்காக விட்டுவிட்டாள்.

மேசைக்குத் திரும்பினாள். எல்லோருக்கும் தெரியும்படி ஸ்டிக்கரை ஒரே இழுப்பில் கிழித்தாள். அட்டையை வெளியே எடுத்து விளக்கில் பிடித்தாள், தராசில் வைத்தாள், லென்ஸில் பார்த்தாள். எழுத்தெல்லாம் புள்ளியாக உதிர்ந்தது. தோளில் இருந்த வட்டம் அடைத்துப்போயிருந்தது. ஆபரேஷன் ஆன கண்ணுக்கு இதெல்லாம் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது, அதுவேறு எரிச்சல்.

"டூப்ளிகேட்" என்றாள். "இந்த அட்டைய இதுக்கு முன்னாடி நான் பாத்ததே கிடையாது. கையெழுத்து என்னுது. வெறும் ஸ்டிக்கர்ல போட்டுக் குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போட்டது என் முட்டாள்தனம். ஒட்டினது இவன்."

லென்ஸை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் படியிறங்கினாள். பின்னால் தம்பி கூப்பிட்டது கேட்டது. லிஃப்ட்டுக்குக்கூட அவள் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை எல்லாம் இறக்கித் தேய்க்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே தேய்த்த பாத்திரங்கள்தான். வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல எந்தப் பாத்திரம் டூப்ளிகேட்?" என்று கேட்டார். ஒரு மூடி அவரைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதியது. அதற்குப் பிறகு அவர் டிவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் தம்பி வந்தான். தாடி மழிக்கவில்லை. செருப்பைக் கழற்றியவன் நேராகத் தரையில் உட்கார்ந்தான்.

"நானும் ஏமாந்துட்டேன்க்கா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"பார்சல்ல வந்துச்சு. ஒரே மீனு, ஒரு கட்டு. அனுப்பினவன் நல்ல அட்டைன்னு சொன்னான். எனக்கு எது நெசம், எது பொய்னு தெரியுமா? என்னிக்காவது எனக்குத் தெரிஞ்சிருக்கா? நீ வர்ற வரைக்கும் பொறுத்திருக்கணும், பொறுக்கல. ஸ்டிக்கர் ஒட்டினது தப்பு. தெரிஞ்சு ஏமாத்தல. என் பொண்ணு மேல சத்தியமா தெரிஞ்சு செய்யல."

"நேத்து அந்த மனுஷன திருடன்னு சொன்னியே, அது?"

"பயந்துட்டேன்க்கா."

"என் கண்ணு குருடுன்னு சொல்லச் சொன்னியே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணீர் வந்தது. சின்ன வயதில் அழும்போது அவனுக்குக் கீழுதடு இடது பக்கமாக இழுக்கும், இப்போதும் இழுத்தது.

அக்கா நாள் முழுவதும் யோசித்தாள். அவளுக்கு இருந்த கேள்வி ஒன்றுதான்: இவன் முட்டாளா, திருடனா? முட்டாள் என்றால் திட்டலாம், திருத்தலாம், பக்கத்தில் உட்காரலாம். அவளே அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட முட்டாள்தானே. திருடன் என்றால் அந்தக் கடையில் அவளுக்கு வேலையில்லை. அவனுக்கு அந்தக் கண் இல்லை என்பது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியுமே. மகள் மேல் சத்தியம் வேறு பண்ணியிருக்கிறான். முட்டாள்தான் என்று முடிவு செய்தாள். அப்படி முடிவு செய்ய அவளுக்கு ஆசையாகவும் இருந்தது.

சாயங்காலம் போன் செய்து நிபந்தனை போட்டாள். வால் உறையில் ஏறாத கையெழுத்தோடு போன அட்டை அத்தனையும் திரும்பி வர வேண்டும், எல்லா வாடிக்கையாளருக்கும் செய்தி அனுப்ப வேண்டும், டிரைவரின் டப்பா அவரிடம் போக வேண்டும், அவன் வாயால் மன்னிப்புக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான்.

திங்கட்கிழமை மத்தியானத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவள் வாலைப் பார்த்தாள். வால் உறையில் ஏறியிருந்தால் போகச் சொன்னாள். நின்றுவிட்டிருந்தால் கிழித்து உள்ளே பார்த்தாள். அவள் பார்த்து வைத்த டப்பாவில் இருந்து போன அட்டைகள் நல்லவைதான், புது உறையில் போட்டு முறையாக வால் இழுத்துக் கொடுத்தாள். சிறகு மீன்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாவற்றிலும் வட்டம் அடைத்திருந்தது. ஒரு பேங்க்காரர், "நீங்க பாத்தாச்சுன்னு சொன்னதால தானேம்மா வாங்கினேன்" என்றார். திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருக்கலாம்.

டிரைவர் வந்தார். தம்பி அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். அவர் தன் தகர டப்பாவைத் திறந்து பார்த்தார். அவனே நல்லதாகப் பொறுக்கி விற்றது போக மிச்சம்தான் இருந்தது. அதற்கு ஈடாக வேறு அட்டைகள் எடுத்துக்கொள்ளச் சொன்னான். அவர் வேண்டாம் என்றார்.

"உங்கமேல எனக்குக் கோபம் இல்ல மேடம்" என்று அக்காவிடம் சொன்னார். "அன்னிக்கு நீங்க வாயத் திறக்கலன்னா என்ன ஆகியிருக்கும்னு தான் ரெண்டு நாளா யோசிக்கிறேன். வேன்ல வர்ற பிள்ளைங்க பாதிப் பேரு இங்க வர்றவங்க பிள்ளைங்க." டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். கண்ணாடிப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலு மணி சுமாருக்குக் கூட்டம் குறைந்தது. தம்பி ஒரு டம்ளர் டீயை அவள் மேசையில், அட்டையில் சிந்தாத தூரத்தில் வைத்தான். அந்தத் தூரத்தை அவன் மறக்கவில்லை என்பது அவளுக்கு இதமாக இருந்தது. கல்லாவில் யாரிடமோ மெல்லிய குரலில், கொஞ்சம் வெட்கத்தோடு, "அக்கா பாத்தாச்சு சார்" என்று அவன் சொல்வது கேட்டது. போகட்டும், மெல்ல மெல்லச் சரியாகிவிடும் என்று நினைத்தாள். கோபம் இருந்தது, ஆனால் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடிகிற அளவுக்கு வந்திருந்தது.

அப்போதுதான் தம்பியின் மகள் ஸ்கூல் யூனிஃபார்மோடு, பையை முதுகில் மாட்டியபடி உள்ளே வந்தாள். அப்பாவைத் தாண்டி நேராக மேசைக்கு வந்து, பென்சில் டப்பாவைத் திறந்து, அடியிலிருந்து ஓர் உறையை எடுத்து வைத்தாள்.

"அத்தை, இதையும் பாருங்க."

சிறகு மீன். நீல ஸ்டிக்கர். வால் விளிம்போடு நின்றிருந்தது.

தம்பி கல்லாவிலிருந்து, "அது எதுக்கு இங்க கொண்டாந்த? வீட்டுல வெக்கச் சொன்னேன்ல?" என்றான். கொஞ்சம் அவசரமாகச் சொன்னான்.

"எல்லாரும் அத்தைகிட்ட திரும்பக் காட்டுறாங்களாம், க்ளாஸ்ல சொன்னாங்க. என்னுது மட்டும் காட்ட வேணாமா?" என்றாள் அவள். பிறகு அத்தையிடம், "பொறந்த நாளுக்கு அப்பா குடுத்தது" என்றாள்.

பெற்ற பிள்ளைக்கும் போலியைக் கொடுத்து வைத்திருக்கிறானே இந்த மடையன். இதன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? இத்தனை வருடத்தில் ஓர் அட்டை நல்லதாக இருக்க வேண்டும், போலியாக இருக்க வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை. நினைத்தால் கண் பொய் சொல்லிவிடும். அன்றைக்கு நினைத்தாள். இது ஒன்று நல்லதாக இருந்துவிடட்டும் என்று நினைத்துக்கொண்டே ஸ்டிக்கரைக் கிழித்து, லென்ஸில் குனிந்து பார்த்தாள்.

எழுத்து கெட்டியாக, ஒரே கறுப்பாக நின்றது. தோளில் பொடி வட்டம். வட்டத்துக்குள் வெள்ளை.

விளக்கில் பிடித்தாள். வெளிச்சம் தாண்டவில்லை. நல்ல அட்டை. மத்தியானத்திலிருந்து மேசையில் குவிந்த அத்தனை மீன்களிலும் உயிருள்ள மீன் இது ஒன்றுதான்.

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. போலிக் கட்டு அனுப்புகிறவன் மேலே ஒரு நல்ல அட்டையை வைத்து அனுப்புவான், அது வழக்கம். அந்த ஒன்று எப்படித் தவறாமல் இந்தப் பிள்ளையின் பென்சில் டப்பாவுக்குள் வந்தது?

"அப்பா இத உனக்கு எப்படிக் குடுத்தாரு கண்ணு?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"வீட்டுல மேசை மேல நிறைய மீன் வரிசையா வெச்சாரு. உங்க லென்ஸ் மாதிரியே அப்பாகிட்டயும் ஒண்ணு இருக்கு. அதுல ஒண்ணொண்ணா பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் இதத் தனியா எடுத்து, இது தான்டா உனக்குன்னு குடுத்தாரு. அத்தை கையெழுத்து இல்லாம வேணாம்னு நான் அழுதேன். அதுக்கப்புறம் தான் ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்தாரு."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழுதடு இடது பக்கமாக இழுத்தது. இந்த முறை அதைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. எனக்கு அந்தக் கண்ணு இல்லக்கா என்று சிரித்துக்கொண்டே எழுந்து போன ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஞாபகம் வந்தது. கற்றுக்கொண்டிருக்கிறான். வட்டம் முதற்கொண்டு கற்றுக்கொண்டிருக்கிறான். அவள் சொல்லிக் கொடுத்த வித்தையை வைத்து நல்லதைப் பொறுக்கித் தன் பிள்ளைக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்கெல்லாம் அவள் பெயரை ஒட்டி விற்றிருக்கிறான். அந்தப் பிள்ளையின் தலைமேல்தான் சத்தியம் செய்தான்.

கத்த வேண்டும்போல் இருந்தது. கடை இடிந்து விழுகிற மாதிரி கத்த அவளால் முடியும், ஊருக்கே தெரியும். பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நெசமான மீனு கண்ணு. ரொம்ப நல்ல அட்டை" என்றாள். புது உறை எடுத்துப் போட்டாள். ஸ்டிக்கரை ஒட்டினாள். கையெழுத்துப் போட்டு, வாலை இழுத்து, உறையின் ஓரம் வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். "யார் கேட்டாலும் குடுக்காத. அப்பா கேட்டாலும்."

பிள்ளை சந்தோஷமாக அதைப் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டது.

அக்கா விளக்கை அணைத்து, வயரைச் சுற்றினாள். தராசைப் பையில் வைத்தாள். மிச்சமிருந்த ஸ்டிக்கர் தாளை எட்டாக மடித்துக் கிழித்து, குப்பைக் கூடையில் போட்டாள். தம்பி அருகில் வந்து, "அக்கா, பிள்ள முன்னாடி ஒண்ணும் வேணாம், அப்புறம் பேசிக்கலாம்" என்று முணுமுணுத்தான். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சொல்வதற்கு அவளிடம் இருந்ததெல்லாம் பிள்ளை முன்னால் சொல்ல முடியாத வார்த்தைகள்.

வாசலில், அப்போதுதான் உள்ளே நுழைந்த ஒரு பெரியவர் கண்ணாடிப் பெட்டியிலிருந்த ஒரு ஜப்பானிய அட்டையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"ஏம்மா, இது அக்கா பாத்தாச்சா?"

"இல்லீங்க" என்றாள் அவள், கடை முழுவதற்கும் கேட்கிற மாதிரி. "தம்பி பாத்தாச்சு."